வீட்டில் ஒரு மொழி... பாட்டில் ஒரு மொழி!

மதுரையில் முனிச்சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? அங்கே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட சிலை அது. அரசர் சிலையா? இல்லை. அரசியல் தலைவர் சிலையா? அதுவும் இல்லை. ஒரு பாடகரின் சிலை!

"யார் தாத்தா இவர்?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாத்தா பெயரைச் சொல்வதற்கு முன்பே ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். அதற்குள் பாட்டியும் வந்து, "அந்தப் பாட்டை விட இந்தப் பாட்டுதான் நல்லா இருக்கும்" என்று வேறொன்றைப் பாடுவார். கடைசியில்தான் பெயர் வெளியே வரும்.

டி.எம்.சௌந்தரராஜன். சுருக்கமாக டி.எம்.எஸ்.!

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும், கல்யாண வீடுகளிலும், கோயில் திருவிழாக்களிலும் ஒலித்த குரல் அது. "தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, டி.எம்.எஸ். பாட்டைக் கேள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒவ்வோர் எழுத்தும் மணி மணியாக வந்து விழும்.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. அவர் வீட்டில் பேசிய மொழி தமிழ் அல்ல!

பட்டு நூலோடு வந்தவர்கள்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்திருப்பீர்கள். 1636ஆம் ஆண்டு கட்டப்பட்ட அரண்மனை. அதன் அருகிலுள்ள தெருக்களில் நடந்து போனால், வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் பேசிக்கொள்வது காதில் விழும். கேட்டால் தமிழ் போல இருக்காது. தெலுங்கா? அதுவும் இல்லை. இந்தி மாதிரி ஒரு சொல் வரும். மராத்தி மாதிரி ஒன்று வரும். நடுவே நம் தமிழ்ச் சொல் ஒன்று எட்டிப் பார்க்கும்.

அந்த மொழிதான் சௌராஷ்டிரம்.

குஜராத் மாநிலத்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் பகுதிக்குச் சௌராஷ்டிரம் என்று பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் என்று ஒவ்வோர் ஊராகத் தங்கி, கடைசியில் நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரைக்கு வந்தவர்கள் இவர்களின் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. பட்டு நெய்வதில் கெட்டிக்காரர்கள். அதனால் மதுரைக்காரர்கள் இவர்களைப் 'பட்டுநூல்காரர்' என்றே அழைத்தார்கள்.

அம்மாவின் பீரோவில் சுங்குடிச் சேலை இருக்கிறதா, பாருங்கள். துணி முழுக்கக் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள் இருக்கும். துணியைச் சிட்டிகை அளவு கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலையில் இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் பிரித்தால் அங்கெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்த மதுரைச் சுங்குடியும் இவர்களின் கைவண்ணம்தான்.

வந்த ஊரில் தமிழ் படித்தார்கள், கடை வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆனால், வீட்டுக்குள் மட்டும் தங்கள் பழைய மொழியை விடவில்லை. தெருவில் தமிழ், அடுப்படியில் சௌராஷ்டிரம்!

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் 1922ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி பிறந்தவர்தான் சௌந்தரராஜன். 'அழகின் அரசன்' என்பது அந்தப் பெயரின் பொருள். மதுரைக்குப் பக்கத்திலுள்ள அழகர்கோவிலில் இருக்கும் பெருமாளுக்கும் சுந்தரராஜன் என்றுதான் பெயர்.

சரி, 'டி.எம்.' என்றால் என்ன? 'எம்' என்பது அவருடைய அப்பா மீனாட்சி ஐயங்கார். 'டி' என்பது தொகுளுவ. அது அவர்களின் குடும்பப் பெயர். சௌராஷ்டிரர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டு. ஆக, டி.எம்.எஸ். என்ற மூன்று எழுத்துக்குள்ளேயே அந்த வீட்டின் கதை ஒளிந்திருக்கிறது.

பஜனைக் கூட்டத்தில் ஒரு குட்டிப் பையன்

சௌராஷ்டிரர் வாழும் தெருக்களில் பஜனை மடங்கள் உண்டு. மார்கழி மாதக் குளிரில் விடியும் முன்பே எழுந்து, ஜால்ரா தட்டிக்கொண்டு, பாடியபடி வீதி வீதியாகப் போவார்கள். மதுரையில் 1843ஆம் ஆண்டு பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் என்ற மகான், சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் தாமே பாட்டுகள் எழுதிப் பாடியவர். அவருடைய பாட்டுகள் இன்றும் அந்த பஜனைகளில் ஒலிக்கின்றன.

இந்தப் பாட்டுகளின் நடுவேதான் சௌந்தரராஜன் வளர்ந்தார். அவருடைய அண்ணன் நன்றாக பஜனைப் பாட்டுப் பாடுவார். தம்பி சும்மா இருப்பாரா? ஏழு வயதிலேயே கூட்டத்தோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்.

கூட்டத்தோடு பாடுவதில் ஒரு வசதி உண்டு. தவறு செய்தால் யாருக்கும் தெரியாது! ஆனால், தனியாகப் பாட வேண்டும் என்றால் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமே. மதுரை சௌராஷ்டிரா உயர்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்த சின்னக்கொண்டா சாரங்கபாணி பாகவதரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு, காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் கர்நாடக சங்கீதம் பயின்றார். இருபது வயதைத் தாண்டியதும் மேடையேறித் தனியாகக் கச்சேரி செய்ய ஆரம்பித்தார்.

இன்னொருவர் குரலில்...

அந்தக் காலத்தில் தமிழ்நாடே ஒரு குரலில் மயங்கிக் கிடந்தது. அது எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல். நடிப்பார், பாடுவார். அவர் நடித்த 'ஹரிதாஸ்' என்ற படம் 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம் அது. அடேயப்பா!

அப்போது பாடத் தெரிந்த இளைஞர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை. "பாகவதர் மாதிரி பாட வேண்டும்!"

சௌந்தரராஜனுக்கு அது நன்றாகவே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாகவதரே பாடுவது போல இருக்கும். மேடைகளில் கைதட்டல் கிடைத்தது.

அந்த 'ஹரிதாஸ்' படத்தை இயக்கியவர் சுந்தர்ராவ் நட்கர்னி. பின்னாளில் அவர்தான் சௌந்தரராஜனுக்குச் சினிமாவில் முதல் வாய்ப்பைக் கொடுத்தார். அதற்காக சௌந்தரராஜன் ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். அங்கே அப்போது பெரிய ஸ்டூடியோக்கள் இருந்தன. வாய்ப்புக்காகக் காத்திருந்த நாட்களில் இயக்குநரின் வீட்டில் சின்னச் சின்ன வேலைகள்கூடச் செய்தார் என்று சொல்வார்கள்.

'கிருஷ்ண விஜயம்' என்ற படத்தில் ஐந்து பாட்டுகள் கிடைத்தன. இசையமைத்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. ஆனால், பாடியவுடன் படம் வந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டுதான் வெளியானது. அப்போது அவருக்கு வயது 28.

படம் வந்தது. பாட்டைக் கேட்டவர்கள், "பாகவதர் மாதிரியே இருக்கே!" என்றார்கள்.

இது பாராட்டுதானே என்று கேட்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு படம் வரைகிறீர்கள். எல்லோரும், "உன் அக்கா வரைந்தது மாதிரியே இருக்கிறது" என்கிறார்கள். முதல் தடவை சந்தோஷமாக இருக்கும். பத்தாவது தடவை? "அப்போ நான் வரைந்தது எங்கே?" என்று தோன்றும் அல்லவா?

அதுதான் சௌந்தரராஜனின் சிக்கல். பாகவதர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். இன்னொரு பாகவதர் எதற்கு?

அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகள் அங்கொரு பாட்டு, இங்கொரு பாட்டு என்றுதான் கிடைத்தன. 'மந்திரி குமாரி' படத்தில் ஒரு சின்னப் பாட்டு. 'தேவகி' படத்தில் ஒன்று. பெரிய வாய்ப்புகள் வரவில்லை. ஆனால், அவர் ஊர் திரும்பவில்லை.

பின்னணிப் பாட்டு பிறந்த கதை

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு விஷயம் தெரிந்துகொள்வோமா?

தமிழ் பேசும் படங்கள் 1931ஆம் ஆண்டு வரத் தொடங்கின. அப்போது நடிப்பவரே பாட வேண்டும். கேமரா ஒரு பக்கம் ஓடும். நடிகர் பாடிக்கொண்டே நடிப்பார். வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னாலும் தட்டிக்குப் பின்னாலும் ஒளிந்து நின்று வாசிப்பார்கள்! அதனால், நன்றாகப் பாடத் தெரிந்தவர்களே கதாநாயகன், கதாநாயகி ஆனார்கள்.

1938ஆம் ஆண்டு வந்த 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி.மெய்யப்பன் ஒரு புதுமை செய்தார். நடிகைக்குப் பதிலாக வேறொருவரைப் பாட வைத்து, அதைத் தனியாகப் பதிவு செய்து, படத்தில் சேர்த்தார். பாட்டு ஒருவருடையது, வாயசைப்பு இன்னொருவருடையது. தமிழில் பின்னணிப் பாட்டு இப்படித்தான் வந்தது.

அதன் பிறகு, நன்றாக நடிக்கத் தெரிந்தவர், பாடத் தெரியாவிட்டாலும் கதாநாயகன் ஆகலாம் என்ற நிலை வந்தது. அவருக்காகப் பாட ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு முகம் கிடையாது. குரல் மட்டும்தான்!

"பிடிக்காவிட்டால் வேண்டாம்!"

1954ஆம் ஆண்டு. 'தூக்குத் தூக்கி' என்று ஒரு படம். கதாநாயகன் சிவாஜி கணேசன். இசை ஜி.ராமநாதன். சிவாஜிக்கு முதல் படமான 'பராசக்தி'யில் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன். அந்தக் குரல்தான் தனக்குப் பொருந்தும் என்று சிவாஜி நினைத்தார். புதியவர் ஒருவர் பாடுவதில் அவருக்குத் தயக்கம்.

அப்போது டி.எம்.எஸ். ஒரு யோசனை சொன்னாராம். சில பாட்டுகளைப் பாடித் தருகிறேன், கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று.

அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். சிவாஜி எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தார். எந்த இடத்தில் குரலை ஏற்றுகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று உன்னிப்பாகக் கேட்டார். பிறகு அந்தக் கம்பீரத்தைத் தன் பாட்டுக்குள் கொண்டு வந்தார்.

கேட்ட சிவாஜிக்குப் பிடித்துவிட்டது. படத்தில் தனக்கான எல்லாப் பாட்டுகளையும் இவரே பாடட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதே ஆண்டில் 'மலைக்கள்ளன்' வந்தது. கதாநாயகன் எம்.ஜி.ஆர். அவருக்கும் டி.எம்.எஸ். பாடினார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அந்தப் பாட்டும் ஊர் ஊராகப் பரவியது.

ஒரே ஆண்டு. இரண்டு கதாநாயகர்கள். ஒரே பாடகர். அதன் பிறகு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு, எம்.ஜி.ஆர். பாடினாலும் சிவாஜி பாடினாலும் பாடியது பெரும்பாலும் டி.எம்.எஸ்.தான்!

ஒரு தொண்டை, இரண்டு குரல்!

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? வானொலியில் பாட்டு வரும். படம் எதுவென்று தெரியாது. ஆனால், இரண்டு வரி கேட்டதுமே, "இது எம்.ஜி.ஆர். பாட்டு", "இது சிவாஜி பாட்டு" என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார். எப்படி?

அதற்கு நம் குரல் எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும். நுரையீரலிலிருந்து காற்று மேலே வருகிறது. குரல்வளையில் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்று பெயர். காற்றுப் பட்டதும் அவை அதிர்கின்றன. ஆனால், அந்த அதிர்வு மட்டும் போதாது. தம்புராவில் தந்தி அதிர்கிறது. கீழே உள்ள குடம்தான் அந்த ஒலியைப் பெரிதாக்குகிறது. நம் உடம்பில் தொண்டை, வாய், மூக்கு மூன்றும் சேர்ந்து அந்தக் குடத்தின் வேலையைச் செய்கின்றன.

ஒரு சின்னச் சோதனை. "ம்ம்ம்..." என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். சத்தம் சட்டென்று நின்றுவிடும்! இப்போது "ஆ..." என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். சத்தம் நிற்காது. ஒரு ஒலி மூக்கு வழியாக வருகிறது. இன்னொன்று வாய் வழியாக வருகிறது.

குரலை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறும். சிவாஜிக்குப் பாடும்போது டி.எம்.எஸ். அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பிக் கனமாகப் பாடுவார். எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் நிறுத்தி, எடுப்பாகப் பாடுவார். கேட்பவர்களுக்கு இரண்டு ஆட்கள் பாடுவது போல இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது போல ஒவ்வொரு வரியாகப் பாடி, கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளும் வசதி அப்போது கிடையாது. பாடகர், வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். கடைசி வரியில் யாராவது ஒருவர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து!

1968ஆம் ஆண்டு வந்த 'உயர்ந்த மனிதன்' படத்தில் ஒரு காட்சி. வயதான நண்பர்கள் இருவர் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடியாடி மூச்சு வாங்கப் பாடுகிறார்கள். அந்த மூச்சிரைப்பு உண்மையாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, டி.எம்.எஸ். ஒலிப்பதிவுக் கூடத்திலேயே ஓடிவிட்டு வந்து பாடினார் என்று இசை உலகில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

முன்பு பாகவதரைப் போலப் பாடினார். இப்போது சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் ஏற்றபடி பாடுகிறார். இரண்டும் ஒன்றுதானே? இல்லை. முன்பு குரலே இன்னொருவருடையது. இப்போது முகம் யாருடையதாக இருந்தாலும், அதற்குள்ளே கேட்பது டி.எம்.எஸ்.தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சொந்தக் குரல் கிடைத்துவிட்டது!

'ழ' இல்லாத வீட்டிலிருந்து...

இனி, நாம் முதலில் சொன்ன ஆச்சரியத்துக்கு வருவோம்.

'ல', 'ள', 'ழ' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். 'ல' சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள' சொல்லும்போது நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ' சொல்லும்போது இன்னும் வளையும். ஆனால், எங்கேயும் தொடாது! அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் இந்த எழுத்து பலருக்குத் தண்ணி காட்டுகிறது. 'வாழைப்பழம்' சிலர் வாயில் 'வாளப்பளம்' ஆகிவிடுகிறது.

சௌராஷ்டிர மொழியில் 'ழ' கிடையாது. அதற்குப் பதிலாகத் தமிழில் இல்லாத வேறு ஒலிகள் அதில் உண்டு. மூச்சுக் காற்றைச் சேர்த்து அழுத்திச் சொல்லும் 'க', 'த', 'ப' எல்லாம் அதில் வரும்.

வீட்டில் 'ழ' இல்லாத மொழியைப் பேசிய ஒருவர், 'ழ' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கோடிக்கணக்கான தமிழர்களுக்குக் காட்டினார். எப்படி முடிந்தது? பிறந்த உடனே வந்துவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார். தெருவில் தமிழ் கேட்டார். பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் பொருள் உணர்ந்து, எழுத்து எழுத்தாகப் பழகினார். பாட்டு எழுதிய கவிஞரின் ஒரு சொல்லைக்கூட விழுங்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். கண்ணதாசனும், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், மருதகாசியும், வாலியும் எழுதிய வரிகள், படிக்கத் தெரியாதவர்கள் காதுக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் தமிழுக்கு ஒரு பெரிய பரீட்சையும் வந்தது. டி.எம்.எஸ். பாடியதோடு நிற்கவில்லை. நடிக்கவும் செய்தார். 1962ஆம் ஆண்டு 'பட்டினத்தார்', 1964ஆம் ஆண்டு 'அருணகிரிநாதர்'. இரண்டிலும் அவரே கதாநாயகன், அவரே பாடகர்.

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர். திருவண்ணாமலைக்காரர். முருகன் மேல் அவர் பாடிய திருப்புகழைப் பாடுவது சாதாரண வேலை அல்ல. தாளம் குதிரை மாதிரி ஓடும். ஒரே மாதிரி எழுத்துகள் அடுக்கடுக்காக வரும். நா பிறழ்ந்தால் தாளம் போய்விடும். தாளத்தைப் பிடித்தால் நா பிறழும்! அந்தத் திருப்புகழின் முதல் பாட்டை, மூச்சு விடக்கூட இடமில்லாத வேகத்தில், ஓர் எழுத்துகூடச் சிதையாமல் அந்தப் படத்தில் பாடினார். இன்று பள்ளி விழாக்களில் அந்தப் பாட்டைப் பாடும் பிள்ளைகள் பலர், அவர் பாடியதைக் கேட்டே கற்றுக்கொள்கிறார்கள்.

தன் மெட்டில் தானே...

சினிமாவில் மெட்டுப் போடுவது இசையமைப்பாளரின் வேலை. ஆனால், டி.எம்.எஸ். தாமே மெட்டமைத்துப் பாடிய பக்திப் பாட்டுகள் நிறைய உண்டு. முருகன் பாட்டுகள்தான் அதில் அதிகம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களுக்கு வழித்துணை அந்தக் குரல்தான். பஜனைத் தெருவில் பாடிய குட்டிப் பையன், பெரியவனாகி மறுபடி பஜனைக்கே வந்து சேர்ந்தது போல இல்லையா?

ஒரு முருகன் பாட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டி.எம்.எஸ். பழனிக்குப் போயிருந்தார். அங்கே ஒரு சிறுவன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தான். கேட்டதும் உள்ளம் உருகியது. "தம்பி, மறுபடி பாடு" என்று சொல்லி, வரி வரியாக எழுதிக்கொண்டு, பிறகு தம் குரலில் பாடிப் புகழ்பெறச் செய்தார். அதை எழுதியவர் ஆண்டவன் பிச்சை என்ற பெயரில் பாடல்கள் எழுதிய ஓர் அம்மையார் என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்ததாம். பேர்பெற்ற பாடகர், ஒரு சிறுவனிடம் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்டார்! அதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

சென்னை மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது அவர் பாடிய புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் யார் தெரியுமா? இலங்கை யாழ்ப்பாணத்தில் உள்ள இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர். பாட்டு எழுதியவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். பாடியவர் மதுரைச் சௌராஷ்டிரர். அம்மன் மயிலாப்பூர். நல்ல பாட்டு ஊர் பார்ப்பதில்லை!

புதிய குரல்கள் வந்தபோது...

எல்லாக் காலமும் ஒன்று போல இருக்குமா? 1969ஆம் ஆண்டு 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்காக ஓர் இளைஞர் பாடினார். அவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். ஜேசுதாசும் வந்தார். 1970களின் பிற்பகுதியில் புதிய இசையமைப்பாளர்கள், புதிய நடிகர்கள், புதிய வகைப் பாட்டுகள் என்று சினிமா மாறியது. டி.எம்.எஸ்.ஸுக்குப் படங்கள் குறைந்தன.

ஆனால், பாட்டு குறையவில்லை. மேடைக் கச்சேரிகளும் பக்திப் பாட்டுகளும் தொடர்ந்தன. தமிழர் வாழும் வெளிநாடுகளுக்கும் போய்ப் பாடினார். கலைமாமணி விருது கிடைத்தது. 2003ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

2010ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதற்காக ஏ.ஆர்.ரகுமான் இசையில் ஒரு பாட்டு உருவானது. பழையவர்கள், புதியவர்கள் என்று ஏராளமான பாடகர்கள் பாடிய பாட்டு அது. தமிழைப் போற்றும் அந்தப் பாட்டில் முதலில் ஒலிக்கும் குரல் யாருடையது தெரியுமா? 88 வயதான டி.எம்.எஸ்.ஸின் குரல்! சினிமா வாய்ப்புத் தேடி எந்தக் கோயம்புத்தூருக்கு இளைஞராகப் போனாரோ, அந்த ஊர் மாநாட்டின் பாட்டைத் தொடங்கிவைக்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது.

2013ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி, 91ஆம் வயதில் சென்னையில் காலமானார். 2016ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை பத்துப் புகழ்பெற்ற பாடகர்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. முகமது ரஃபி, கிஷோர் குமார், முகேஷ் ஆகியோருடன் நம் டி.எம்.எஸ்.ஸும் அதில் இருக்கிறார். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை மந்தைவெளியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. ஆகஸ்டில் மதுரையில் சிலை வந்தது.

மதுரை மண்ணின் குரல்கள்!

டி.எம்.எஸ். மட்டுமல்ல, இன்னும் சில பெரிய பாடகர்களையும் மதுரை தந்திருக்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றார். கர்நாடக சங்கீத மேதை மதுரை மணி ஐயர் 1912ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்!

உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருக்கலாம்...

கடைசியாக ஒரு விஷயம் குட்டீஸ்.

உங்கள் வகுப்பில் ஒரு பையனோ பெண்ணோ இருக்கலாம். மாலையில் அழைத்துப் போக அம்மா வந்ததும், அவர்கள் வேறு ஒரு மொழியில் பேசிக்கொள்வார்கள். சௌராஷ்டிரமாக இருக்கலாம். தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளமாக இருக்கலாம். இப்போது வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் 'ழ' சொல்லத் தடுமாறினால் யாராவது சிரிப்பார்கள். அதைப் பார்த்து அந்தப் பிள்ளை வாயையே மூடிக்கொள்ளும். அல்லது, அம்மா வீட்டு மொழியில் கூப்பிட்டால், காதில் விழாதது போல நிற்கும்.

அப்போது முனிச்சாலைச் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு மொழியை விட்டுவிட்டுத் தமிழுக்கு வரவில்லை. அந்த மொழிப் பாட்டில்தான் அவர் காது பழகியது. தமிழைப் படித்து, பழகி, தன்னுடையதாக்கிக்கொண்டார். இரண்டு மொழி தெரிந்தது அவருக்குக் குறை அல்ல, சொத்து!

எனவே, வகுப்பில் யாராவது 'ழ' சொல்லத் தடுமாறினால் சிரிக்காதீர்கள். நாக்கை எப்படி வளைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பதிலுக்கு, அவர்கள் வீட்டு மொழியில் ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாக்குத் தடுமாறும்போது அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்!

இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் இரண்டு டி.எம்.எஸ். பாட்டுகளைப் போடச் சொல்லுங்கள். ஒன்று எம்.ஜி.ஆருக்குப் பாடியது, ஒன்று சிவாஜிக்குப் பாடியது. படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எது யாருக்கு என்று கண்டுபிடிக்க முடிகிறதா?

கண்டுபிடித்துவிட்டால் சபாஷ்! இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டால் போச்சு!